திமிங்கிலப் பல்லும் லா சப்பல் பத்தரும்

பாரிசின் லா சப்பலில் நகை விற்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். நகை செய்யத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அப்படி எண்ணினால் முதல் விரல் வாமதேவன்.

இராஜதுரையின் கடையில், கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால், ஒரு கட்டில் போடக்கூட இடம் போதாத மூலையில் அவருடைய மேசை. காலை பத்து மணிக்கு அதன் முன்னால் இருந்தாரானால் மாலை ஏழு மணிக்குத்தான் முதுகைப் பிடித்துக்கொண்டு எழும்புவார். அறுந்த சங்கிலிக்கு ஒட்டுப் போடுவது, விரல் பருத்தவர்களின் மோதிரத்தைப் பெருப்பிப்பது, தாலி செய்வது என்று வேலைக்குக் குறைவில்லை. எல்லாவற்றையும்விட எழுத்து வேலைதான் அதிகம். இங்கே கலியாணம் கட்டுகிற பிள்ளைகளுக்கு மோதிரத்தின் உள்பக்கம் பெயர் வேண்டும். கிருஷாந்த், அஜந்தா, கீழே தேதி. ஒரு வருடம் கழித்துச் சிலர் அதே மோதிரத்தைக் கொண்டுவந்து பெயரை அழித்துத் தரச் சொல்வார்கள். எழுதுவதைவிட அழிப்பது சுகம், அரத்தால் நாலு இழுவை போதும் என்று வாமதேவன் சொல்லுவார். சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

சனி ஞாயிறுகளில் பொன்னுருக்கலுக்கு வீடுகளுக்குப் போவார். செவ்ரானில் ஐந்தாம் மாடி, கார்ஜில் ஒன்பதாம் மாடி. நல்ல நேரத்துக்குள் தாலிப்பொன்னை உருக்கி, கும்பத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, கதிரையில் ஏறிக் கூரையில் இருக்கிற புகை அலாரத்தைக் கழற்றுவது. ஒருமுறை அதை மறந்துபோய், மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் தீயணைப்புப் படையே வந்து நின்றது. அதற்குப் பிறகு மறக்கவில்லை.

தொண்ணூற்றொன்றில் அகதியாக வந்தவர். இரண்டாயிரத்துப் பத்தில் வயது ஐம்பது. மனிதருக்கு எப்போதும் களைப்பு. நோய் என்று ஒன்றுமில்லை. நித்திரை கொண்டாலும் போகாத களைப்பு அது, ரயிலில் இடம் கிடைத்து இருந்து வந்தாலும் போகாது. இருபது வருடம் ஒரே ரயிலில் நின்று வந்த எவருக்கும் இருப்பதுதான் என்று அவரே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வார்.

மனைவி வள்ளிநாயகி கார்ஜில் ஒரு பாடசாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்தாள். அவளுடைய பிரெஞ்சு, புருசனின் பிரெஞ்சைவிடப் பத்து மடங்கு திறம். தொண்ணூற்றொன்பதில் ஆட்களை வெளிநாட்டுக்கு ஏற்றுகிற ஏஜென்சிக்காரனின் கையைப் பிடித்துக்கொண்டு தனியாக வந்து இறங்கியவள். கலியாணம் படத்தைப் பார்த்துப் பேசியது. தாலி பாரிசில் ஏறியது. அதனால் வாமதேவனை அவருடைய மாமனார் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் கரவெட்டிக்கு ரெலிபோன் எடுப்பார்கள். சுகம் விசாரித்து முடிந்ததும் கிழவர் மகளிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"மருமோன் எப்ப பிள்ளை வாறாராம்?"

அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகத்தில் உலகம் முழுவதும் போகலாம், பிறந்த நாட்டைத் தவிர. பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தால்தான் புருசனும் மனைவியும் கரவெட்டிக்குப் போய்க் கிழவர் முன்னால் நிற்கலாம். அவருக்கு அப்போதே எண்பதைத் தாண்டிவிட்டது. வாமதேவனுக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். பெண்ணைத் தந்த மனிதனின் காலைத் தொட்டுக் கும்பிடாமல் என்ன மருமகன் என்று அடிக்கடி சொல்வார்.

அந்த வருடம்தான் ரேமண்ட் கடைக்கு வந்தார்.

ரேமண்ட் புதுச்சேரிக்காரர். பதினெட்டு வயதில் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்து, பென்சன் எடுத்தபின் கிளிஞாங்கூர் பழஞ்சாமான் சந்தையில் ஒரு சின்னக் கடை போட்டிருந்தார். திசைகாட்டி, கப்பல் மணி, துருப்பிடித்த ஈட்டி என்று எல்லாம் கடல் சாமான். தமிழ் பேசுவாரே ஒழிய ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. முழுக்க பிரெஞ்சுப் பள்ளிப் படிப்பு. அவர் ஒரு துணிப் பொட்டலத்தைப் பிரித்து, வாழைப்பழ அளவில் மஞ்சள் பூத்த ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"பத்தரே, இது என்னான்னு சொல்லுங்க பார்க்கலாம்."

"ஆனைத் தந்தமோ?"

"இல்ல. திமிங்கிலத்துப் பல்லு."

அதில் ஒரு கப்பல் கீறியிருந்தது. கோடுகள் தேய்ந்து, பாய்மரம் பாதி காணாமல் போயிருந்தது. நூற்றெழுபது வருடத்துக்கு முந்திய வேலை என்றார் ரேமண்ட். லூ ஆவ்ர் துறைமுகத்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் திமிங்கில வேட்டைக்குப் போன கப்பல்கள் மூன்று வருடம், நாலு வருடம் கரைக்குத் திரும்பாதாம். திமிங்கிலம் தென்படாத நாட்களே அதிகம். அந்த நாட்களில் மாலுமிகள் சும்மா இருந்து பைத்தியம் பிடிக்காமலிருக்கப் பல்லிலும் எலும்பிலும் படம் கீறினார்கள். சுறாத்தோலால் பல்லைத் தேய்த்து மினுக்கி, பாய் தைக்கும் ஊசியால் கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் கோட்டுக்குள் பூசினார்கள். அதற்கு ஸ்க்ரிம்ஷா என்று பெயர். கப்பல் கீறினார்கள், திமிங்கிலம் கீறினார்கள், தொப்பி போட்ட பெண்களைக் கீறினார்கள். பெண்கள் இறுக்கிக் கட்டும் உள்ளுடுப்பின் நடுவில் செருகும் எலும்புப் பட்டியில் வீடும் மரமும் கீறி, ஊரில் இருக்கும் மனைவிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நெஞ்சோடு வைத்துக்கொள்ள.

வாமதேவன் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்காத கை. கப்பலுக்கு அளவு பிழை, அலை எல்லாம் ஒரே மாதிரி. ஆனால் கயிறு ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அந்தக் கயிற்றை நாலு வருடம் இழுத்தவன் கீறியது என்று அவருக்கு விளங்கியது. அவரும் எட்டு வருடம் ஓர் அறையில் ஆறு பேரோடு தனிக்கட்டையாகக் கிடந்தவர்தான். அந்த மாலுமியை நினைக்க மனம் கரைந்தது.

"கோடு போன எடத்துல மட்டும் கொஞ்சம் புதுப்பிச்சுக் குடுங்க," என்றார் ரேமண்ட்.

புதுப்பித்தார். மத்தியானம் இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் கடையில் சனம் வராது. பல்லை அரக்கில் அழுத்தி நிறுத்தி, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டி, மோதிரத்துக்கு எழுத்துக் கொத்தும் சிற்றுளியால் பழைய கோட்டின்மேல் நடந்தார். பொன்னைவிடப் பல் பதமாக இருந்தது. மூன்று மாதத்தில் நாலு பல் வந்தது. ஐந்தாவது வந்தபோது அதில் கோடே இல்லை. வெறும் பழைய பல். கூடவே ஒரு புத்தகமும் வந்தது, படம் பார்த்துக் கீற.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வாமதேவன் ஒன்றும் தெரியாத அப்பாவி அல்ல. இதைப் பழையது என்று சொல்லித்தான் ரேமண்ட் விற்கப் போகிறார் என்று அவருக்கு அந்த நிமிடமே தெரியும். "அலங்காரத்துக்குத்தான் பத்தரே," என்று ரேமண்ட் சொன்னதை நம்பியதாக வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ரேமண்ட் கையில் தந்த காசையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்காகச் செய்தார் என்றாலும் பொய். நாள் முழுக்க ஊரான் பெயரையும் தேதியையும் எழுதிய கைக்கு ஒரு கடல் கிடைத்தது. அந்த இரண்டு மணித்தியாலமும் அவருக்குக் களைப்புத் தெரியவில்லை. இரண்டு வருடத்தில் ஏழு வெறும் பற்களில் ஏழு கப்பல் கீறினார். தேயிலைச் சாயமும் புகையிலைத் தண்ணீரும் பூசி வயது ஏற்றியது ரேமண்டின் கைவேலை.

வள்ளிநாயகிக்கு இது ஒன்றும் தெரியாது. இராஜதுரை ஏதோ பழைய தந்த வேலை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஒருநாள் ரேமண்ட் ஓர் ஏலப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

"பத்தரே, நீங்க பெரிய ஆளாயிட்டீங்க! ஏலத்துக்கு மதிப்புச் சொல்ற எக்ஸ்பேர் ஒருத்தர் எழுதியிருக்கார் பாருங்க. ஏலத்துக்கு வந்த மூணு பல்லும் ஒரே மாலுமி செஞ்சதாம். பேர் தெரியாத மாலுமி. அவனுக்குக் கொக்கி மாலுமின்னு பேர் வச்சிருக்காங்க."

"ஏனாம் கொக்கி?"

"அடியில, வேர்ப்பக்கம், சின்னதா ஒரு கொக்கி மாதிரி கையெழுத்துப் போட்டிருக்கானாம். நான் ஏதோ கீறல்னு நெனச்சேன்."

படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். வாமதேவன் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் மாட்டினார். பல்லின் அடியில், எள்ளளவில், அச்சாக, பிள்ளையார் சுழி.

அவர் அதைப் போட்டதாக நினைவே இல்லை. நினைவு எதற்கு? கடைக் கடதாசித் துண்டானாலும் கடிதமானாலும் வெள்ளைத் தாளில் முதல் விழுவது சுழி. தாலிக்கு வரைபடம் போட்டாலும் மூலையில் சுழி. அவர் போடுவதில்லை, கைதான் போடும். வெறும் பல்லைக் கையில் எடுத்ததும் கை தன் பாட்டில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கடலுக்குள் இறங்கியிருக்கிறது. வேர்ப்பக்கம் என்பதால் மையும் சாயமும் அதை மூடிவிட்டன. ஏழு பல்லிலும் இருக்கும்.

ரேமண்டிடம் சொன்னார். ரேமண்ட் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். இனிமேல் வேண்டாம் என்று அன்றைக்கே இருவரும் நிறுத்தினார்கள். விற்றது விற்றதுதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் காலம் மூடிவிடும் என்று ரேமண்ட் சொன்னார்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் புருசனும் மனைவியும் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டார்கள். இரண்டு கோப்புகள், ஒவ்வொன்றும் ஒரு தலையணை அளவு. அடுத்த வருடம் ஜூனில் நேர்முகம் என்று கடிதம் வந்தது. "அடுத்த தைப்பொங்கலுக்கு அங்கை நிப்பம் அப்பு, ரெண்டு பேரும்," என்று வள்ளிநாயகி ரெலிபோனில் சொன்னாள். கிழவர் அன்றைக்கே முன்வாசலுக்குச் சீமெந்து பூச மேசனுக்குச் சொல்லியனுப்பினாராம்.

மே மாதத்தில், மத்தியானம் மூன்று மணிக்கு, ஒரு பிரெஞ்சுப் பெண் கடைக்குள் வந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். பெயர் மெலானி. ஒரு கையில் மடித்த கடதாசித் துண்டு, மறு கையில் வாமதேவன் நன்றாக அறிந்த அந்த ஏலப் பட்டியல். பல்கலைக்கழகத்தில் மாலுமிகளின் கைவேலை பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டாள்.

நடந்தது இதுதான். முதல் நாள் பக்கத்துப் பலசரக்குக் கடையில் மாம்பழம் வாங்கியிருக்கிறாள். கடைக்காரர் விலை எழுதிக் கொடுத்த துண்டின் தலையில் சுழி. நடுத்தெருவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "இதெல்லாம் இராஜதுரை கடைப் பத்தருக்குத்தான் வடிவாத் தெரியும்," என்று கடைக்காரர் இங்கே அனுப்பிவிட்டார். நம்முடைய ஆட்களின் உபகாரத்துக்குக் குறைவே இல்லை.

"இது என்ன ஐயா?" என்று துண்டை நீட்டினாள்.

"பிள்ளையாரின் அடையாளம். எதையும் தொடங்க முதல் நாங்கள் போடுவது," என்றார் வாமதேவன் தன்னுடைய நொண்டிப் பிரெஞ்சில்.

"நீங்கள் மட்டும்தானா? தமிழர்கள் மட்டுமா?"

"ஓம்."

அவளுடைய கண் நிறைந்துவிட்டது. பட்டியலைத் திறந்து பல்லின் அடியைக் காட்டினாள். ஒரு வருடமாக இந்த மாலுமியைத் தேடுகிறாளாம். கப்பல் ஏடுகளை எல்லாம் புரட்டி, துறைமுகம் துறைமுகமாக அலைந்திருக்கிறாள். இப்போது கண்டுபிடித்துவிட்டாள். அவன் தமிழன். திமிங்கிலக் கப்பலில் வேலை செய்த தமிழ் மாலுமி, யாரும் இதுவரை எழுதாதது. "உங்கள் ஊர்க்காரன்," என்றாள். "வீட்டைவிட்டு நாலு வருடம், மொழி தெரியாதவர்கள் நடுவில். ஒவ்வொரு முறையும் தன் கடவுளை முதலில் போட்டுவிட்டுத்தான் தொடங்கியிருக்கிறான். நினைத்தாலே அழுகை வருகிறது. அடுத்த மாதம் பேராசிரியர்கள் முன்னால் இதைச் சொல்லப் போகிறேன். இந்த அடையாளம் உங்களுடையதுதான் என்று ஒரு வரி எழுதித் தருவீர்களா?"

வாமதேவன் அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். ஜூனில் நேர்முகம், தையில் கரவெட்டி. இல்லாத மாலுமி ஒருவன் இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு நட்டம்? ஆனால் இந்தப் பிள்ளை நாளைக்குச் சபையில் எழும்பி நின்று சொல்லும். என்றைக்காவது ஒருவன் பல்லை ஆராய்ந்து, நேற்றைய உளி என்று சொல்லுவான். அன்றைக்கு இவளுடைய படிப்பு முழுவதையும் குப்பையில் போடுவார்கள். அது தன் கையால் நடக்கக் கூடாது என்று தோன்றியது. இன்னொன்றும் உண்டு. அந்த இல்லாத மாலுமிமேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது. தன் கப்பல்களுக்காக இன்னொருவனை நினைத்து ஒருத்தி அழுகிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, பொய் சொல்லவும் ஓர் உற்சாகம் வேண்டும். அவரிடம் அது இருக்கவில்லை.

மேசையின் இழுப்பு லாச்சியில் ஒரு பல்லின் உடைந்த துண்டு கிடந்தது. அதை அரக்கில் நிறுத்தி, சிற்றுளியை எடுத்து, ஒரே இழுவையில் சுழியைப் போட்டார். கோட்டுக்குள் கரியைத் தேய்த்து, துணியால் துடைத்து, அவள் முன்னால் வைத்தார்.

மெலானி பல் துண்டைப் பார்த்தாள். பட்டியலைப் பார்த்தாள். அதே வளைவு, முடிகிற இடத்தில் அதே சின்னத் தூக்கல்.

"எத்தனை?" என்றாள் கடைசியில்.

"ஏழு."

"ஒரு வருடம்," என்றாள். குரலில் கோபம் இல்லை. "ஏன் சொன்னீர்கள்?"

"நீ பிழையாய்ச் சொல்லக் கூடாது என்று," என்றார். சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. கதிரையைவிட்டு எழும்பிக் கை கூப்பினார்.

அவள் மறைக்கவில்லை. மறைக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை. அவளுடைய பேராசிரியருக்குத் தெரிந்தது, ஏலக்காரருக்குத் தெரிந்தது, பிறகு பொலிசுக்குத் தெரிந்தது. ரேமண்ட், பாவம், எல்லாம் நானே என்று தலையைக் கொடுத்தார். கடையைப் பூட்டினார். வாமதேவனை அழைத்துக் கண்டித்து விட்டார்கள், சிறைக்கு அனுப்பவில்லை. ஆனால் கண்டித்தது எழுத்தில் ஏறி, குடியுரிமைக் கோப்பு வரை போனது.

வீட்டில் அவர் சொன்னது, மெலானி வந்துபோன அன்று மாலைதான். வள்ளிநாயகி சோற்றை வடித்துக்கொண்டு நின்றாள். முழுவதையும் கேட்டாள்.

"ஆரோ ஒரு வெள்ளைக்காரப் பெட்டை. அவளுக்கு ஒரு மணித்தியாலத்திலை சொன்னனீங்கள். எனக்கு மூண்டு வருசமாச் சொல்ல மனம் வரேல்லையோ?"

பதிலுக்கு நிற்காமல் சோற்றைப் போட்டாள். அன்றிலிருந்து அவரோடு கதைத்தாள், சிரித்தாள், சண்டையும் பிடித்தாள். ஆனால் கரவெட்டியைப் பற்றிய கதையை அவர் முன்னால் எடுக்கவில்லை.

அடுத்த வருடம் இரண்டு கடிதங்கள் வந்தன. வள்ளிநாயகிக்குக் குடியுரிமை கிடைத்தது. வாமதேவனுடையது இரண்டு வருடம் ஒத்திவைக்கப்பட்டது. அதற்குப் பிறகு முதலிலிருந்து விண்ணப்பிக்கலாம். இரண்டாயிரத்துப் பதினைந்து தைப்பொங்கலுக்கு அவள் தனியாகப் போனாள். விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக் கொடுத்துவிட்டு அவர் ரயிலேறி வேலைக்குப் போனார்.

பொங்கலன்று மத்தியானம் கடைக்கே ரெலிபோன் வந்தது. வள்ளிநாயகி தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"அப்பு கேக்கிறார், ஏன் நீங்கள் வரேல்லையெண்டு," என்றாள். உள்ளதைச் சொல்லிவிடு என்று சொல்ல வாமதேவன் வாயெடுத்தார். அதற்குள் அவள் தகப்பன் பக்கம் திரும்பிச் சொல்வது கேட்டது.

"அவருக்குக் கடையிலை லீவு குடுக்கேல்லை அப்பு. கலியாணக் காலமெல்லோ, அவர் இல்லாட்டி அங்கை ஒண்டும் ஓடாது."

அவள் பொய் சொல்லி அவர் கேட்டதில்லை. அவருக்காக, பெற்ற தகப்பனிடம், தடக்கல் இல்லாமல் சொன்னாள். பொலிசுக்கு முன்னால் நின்றபோதுகூட வாமதேவன் அப்படிக் கூசிப்போகவில்லை.

கிழவர் ரெலிபோனை வாங்கினார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

"தம்பி, வேலைதான் முக்கியம். அதை விட்டிட்டு அந்தரப்பட்டு ஓடி வராதையும். ஆறுதலா வாரும், என்ன. நான் எங்கை போகப்போறன்?"

"ஓம் மாமா," என்றார் வாமதேவன்.